‘தீங்கற்ற’ என்னும் சொல்லும் ‘லேசர்’ என்னும் நம்பிக்கையும்: தாடைக் கழலையின் இருநூற்றாண்டுக் கதை

(நீண்ட பதிவு. மருத்துவ வரலாறு, சொல்லாக்கம் ஆகிய இரண்டிலும் ஆர்வமுள்ள மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.)

தாடை எலும்புக்குள் அரிதாகத் தோன்றும் கழலைகளில் பல, புற்றுநோய் வகையைச் சேர்ந்தவை அல்ல. நோயாளியிடம் அவற்றைப் பற்றிப் பேசும்போது இரண்டு சொற்கள் தவறாமல் வந்து விழுகின்றன. ஒன்று ‘தீங்கற்ற கட்டி’. பேச்சு வழக்கில் ‘சாதாரணக் கட்டிதான்’. மற்றொன்று ‘லேசர்’. முதற்சொல் கேட்பவரைக் காத்திருக்கச் சொல்கிறது. இரண்டாம் சொல் கத்தி தேவைப்படாது என்று எண்ணச் செய்கிறது. இரண்டு பொருள்கோடல்களும் நோயாளியின் தாடைக்கு இழப்பை உண்டாக்கக் கூடியவை. ஆகவே இவ்விரு சொற்களும் எவ்வழியே நம்மிடம் வந்து சேர்ந்தன என்பதைப் பார்ப்பது சொல்லாய்வாளரின் பொழுதுபோக்கு மட்டும் ஆகாது.

1. எல்லையில் ஒரு சொல்

ஸ்ரீ சிட்டி அமைந்திருக்கும் சத்தியவேடு வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. படாஸ்கர் பரிந்துரையின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வர, சத்தியவேடு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனோடு இணைந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் சொற்கள் பெரிதும் நகரவில்லை. தமிழில் ‘தாடை’, ‘தவடை’, தெலுங்கில் ‘தவட’, கன்னடத்தில் ‘தவடெ’. உறவு வெளிப்படை. ஆனால் கட்டியைக் குறிக்கத் தமிழர் ‘கழலை’ என்பர். தெலுங்கர் ‘கணிதி’ என்பர். தாடைக்குப் பொதுச்சொல் இருக்கிறது. அதில் வளரும் நோய்க்கு இல்லை.

இவ்வட்டாரத்து நோயாளி ஒருவர் வடமேற்கே திருப்பதிக்குச் செல்லலாம். தெற்கே சென்னைக்கு வரலாம். மேற்கே வேலூருக்கும் போகலாம். மூன்று இடங்களிலும் மருத்துவர் ஏட்டில் எழுதுவது ஆங்கிலத்தில். நோயாளிக்குச் சொல்லப்படுவது தெலுங்கில் அல்லது தமிழில். இடையில் நிகழும் மொழிபெயர்ப்பு எழுதப்படுவதில்லை. ஆதலால் திருத்தப்படுவதும் இல்லை.

2. பெயருக்கு முன்பே நோய்

சுச்ருத சங்கிதை ‘அர்புதம்’ என்று ஒரு நோயை விவரிக்கிறது: மெதுவாக வளர்வது, ஆழ வேர்கொண்டது, சீழ் பிடிக்காதது. முன்பு தோன்றிய இடத்திலேயே மறுபடியும் தோன்றுவதற்கு ‘அத்தியர்புதம்’ என்று தனிப்பெயரே உண்டு. சிகிச்சைப் பகுதியில், மிச்சம் வைத்து நீக்கினால் கழலை மீண்டும் விரைந்து வளரும் என்றும், அணையாமல் விட்ட நெருப்பைப் போல அழிவு செய்யும் என்றும் எச்சரிக்கை வருகிறது. அறுவையோடு சுடுதலையும் அந்நூல் பரிந்துரைக்கிறது. இவ்விடத்தை நவீன அறிவின் முன்னறிவிப்பாகப் படிக்க வேண்டியதில்லை. அர்புதம் என்பது உடலின் எப்பகுதியிலும் தோன்றக்கூடிய பலவகைக் கழலைகளின் பொதுப்பெயர். நாம் கவனிக்க வேண்டியது வேறு: அச்சொல்லாட்சியில் கழலையின் இயல்பைத் தீர்மானிக்கும் அளவுகோல்களுள் ஒன்றாக ‘மீண்டும் வருமா?’ என்னும் கேள்வி இருந்தது. பிற்காலத்து ‘தீங்கற்ற / தீங்கான’ என்னும் இருமைப் பிரிப்பில் மங்கிப்போனது இக்கேள்விதான்.

ஐரோப்பாவில் 1812இல் பாரிஸ் நகரத்து துப்புய்த்ரன் கீழ்த்தாடையின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினார். 1827இல் டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் கியூசாக், கீழ்த்தாடைப் பகுதிகளை நீக்கிய தம் அறுவைகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். இன்று நாம் அமெலோபிளாஸ்டோமா என்று அழைக்கும் கழலையின் முதல் விவரிப்பாக வழக்கமாகச் சுட்டப்படுவது இவ்வறிக்கையே. ஈத்தர் மயக்கம் பொதுமேடையில் காட்டப்பட்டது 1846இல். அதாவது, அதற்கு 19 ஆண்டுகள் முன்னரே, வலியுணர்வு முழுதும் விழித்திருக்கும் நிலையில் மனிதர்கள் தாடையை அறுக்க ஒப்புக்கொண்டனர். அந்த ஒப்புதலே நோயின் கொடுமைக்குச் சான்று.

அறுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் காட்சிச் சான்று உண்டு. அமெரிக்க மிஷன் மருத்துவர் பீட்டர் பார்க்கர் 1835இல் சீனாவின் குவாங்சோவில் மருத்துவமனை தொடங்கினார். அவருடைய நோயாளிகளை லாம் குவா என்னும் ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். முகத்திலும் கழுத்திலும் தாடையிலும் தலையளவு கட்டிகளைச் சுமந்தபடி அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதர்கள் அவ்வோவியங்களில் உள்ளனர். அந்த அளவுக்குக் கட்டி வளரும்வரை உயிர் இருந்தது. அதுவே ஒரு செய்தி: பல ஆண்டுகள் கொல்லாமல் வளர்ந்த கட்டிகள் அவை.

3. பெயரின் பிறப்பு: வைரமும் எனாமலும்

நுண்ணோக்கி வந்தபின் பெயர்களும் வந்தன. 1860களின் இறுதியில் பாரிஸின் பால் புரோக்கா பல்லாக்கத் திசுக்களிலிருந்து எழும் கழலைகளை வகைப்படுத்தினார். மொழியியல் மாணவர்கள் மூளையின் பேச்சுப் பகுதியின் பெயரால் அறிந்திருக்கும் அதே புரோக்காதான். 1879இல் ஃபால்க்ஸன் இக்கழலையின் திசு அமைப்பை விரிவாக விவரித்தார். 1885இல் மலாசே இதற்கு ‘அடமன்டைன் எபிதீலியோமா’ என்று பெயரிட்டார். அது சுருங்கி ‘அடமன்டினோமா’ ஆயிற்று. ‘அடமாஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு வெல்லப்படாதது என்று பொருள். வைரத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களின் மூலமும் அதுவே. உடலின் மிகக் கடினமான பொருளாகிய பல் எனாமலுக்கு இப்பெயர் பொருந்தும். கழலைக்குப் பொருந்தவில்லை, ஏனெனில் கழலைக்குள் கடினமான எனாமல் எதுவும் உருவாவதில்லை.

1930ஐ ஒட்டி ஐவி, சர்ச்சில் ஆகிய இரு அமெரிக்கர்கள் ‘அமெலோபிளாஸ்டோமா’ என்னும் பெயரை முன்வைத்தனர். ‘அமெல்’ என்பது எனாமலைக் குறித்த வழக்கொழிந்த ஆங்கிலச் சொல். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘பிளாஸ்டோஸ்’ என்பது கிரேக்கத்தில் முளை. ‘ஓமா’ கழலையைக் குறிக்கும் கிரேக்க ஈறு. பாதி பிரெஞ்சு, பாதி கிரேக்கம். தமிழில் கலப்புச் சொல்லாக்கத்தைக் குறையாகக் கருதுவோர் இந்த எடுத்துக்காட்டை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பழைய ‘அடமன்டினோமா’ என்ற பெயர் இன்று பெரும்பாலும் முன்காலெலும்பில் தோன்றும் முற்றிலும் வேறான ஒரு கட்டியைக் குறிக்கிறது. பழைய ஏடுகளைப் புரட்டுவோர் இதில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

தமிழ் எழுத்தில் இப்பெயருக்கு இன்னொரு விபத்தும் நேர்ந்திருக்கிறது. ‘அமிலோபிளாஸ்டோமா’ என்று எழுதும்போது தமிழ் வாசகர் அதில் ‘அமில’த்தைக் காண்கிறார். இந்நோய்க்கும் அமிலத்துக்கும் தொடர்பில்லை. ‘அமெலோ’ என்று எழுதுவது ஓர் எகரத்தின் சிக்கனமான திருத்தம். ஆனால் ஒரு தவறான காரணக் கற்பனையைத் தவிர்க்கிறது.

4. மானிப்பாயின் பாடம்

தமிழில் அறுவை மருத்துவத்தைச் சொல்லும் முயற்சி இவற்றுக்குப் பின்தங்கியதன்று. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நிலைகொண்டு மருத்துவம் கற்பித்தார். 1864இல் கற்பித்தல் மொழியையே தமிழாக மாற்றினார். அவரும் அவருடைய மாணவர்களும் ட்ரூயிட் எழுதிய அறுவை நூலை ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரில் தமிழாக்கினர். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. வேதியியலுக்கு ‘கெமிஸ்தம்’.

இத்தலைப்புகளே அவருடைய சொல்லாக்கக் கொள்கையை வெளிப்படுத்துகின்றன. வைத்தியம் வழக்கில் ஊறிய சொல். அங்காதிபாதம் வடசொற்களால் கட்டப்பட்டது. கெமிஸ்தம் ஆங்கில ஒலியைத் தமிழ் ஈற்றோடு பொருத்தியது. தூய்மை அவருக்குக் குறிக்கோளாகத் தெரியவில்லை. பட்டம் பெற்ற மாணவர் ஒரு கிராமத்தில் தனியே நிற்கும்போது, நூலைத் திறந்து நோயை அறிந்து செயல்பட முடியுமா என்பதே அளவுகோல். கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார், 1884இல் மறைந்தார். அதன்பின் தமிழ்வழி அறுவைக் கல்வி அத்தகைய தொடர்ச்சியைப் பெறவில்லை. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ஆர். அகமது 1920இல் கல்கத்தாவில் தொடங்கினார். சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்வி 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. இரண்டும் ஆங்கில வழி. எனவே தாடைக் கழலைகளின் நவீன அறிவு முழுதும் தமிழுக்கு வெளியே வளர்ந்து, நோயாளியின் காதருகே வரும்போது மட்டும் அவசரமாகத் தமிழாக்கப்படுகிறது.

5. ‘தீங்கற்ற’ என்பதன் தீங்கு

மூலச்சொல்லான ‘பினைன்’ இலத்தீனில் நற்குணமுடையது என்று பொருள்படும். மருத்துவத்தில் அதன் பொருள் குறுகியது: தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவாதது. இருக்குமிடத்தில் என்ன செய்யும் என்பதைப் பற்றி அச்சொல் எதுவும் உறுதி கூறுவதில்லை. தமிழ்ச் சொல்லோ வாக்குறுதியே தந்துவிடுகிறது: தீங்கு அற்றது.

அமெலோபிளாஸ்டோமா ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே தோன்றுகிறது. அந்த உலகளாவிய விகிதத்தை இந்தியாவின் 140 கோடியோடு பெருக்கினால், ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் புதிய நோயாளிகள் என்னும் கணக்கு வருகிறது. ‘அரிய’ என்ற சொல்லும் இங்கே சற்றுத் தளர்கிறது. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கீழ்த்தாடையில் தோன்றுபவை. வலி இராது, பல் ஆடும், கன்னம் மெல்லப் புடைக்கும், அவ்வளவே. ஊடுகதிர்ப் படத்தில் சோப்புக் குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் பல அறைகள் தெரியும்.

படத்தில் தெரியும் எல்லையோடு கழலை நின்றுவிடுவதில்லை என்பதே இந்நோயின் மையச் சிக்கல். அதன் நுண்ணிழைகள் பஞ்சு போன்ற உள் எலும்பின் இடைவெளிகளில் ஊடுருவி நிற்கும். சுரண்டி எடுப்பதோடு நிறுத்திய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அது மீண்டதாகப் பல தொகுப்பாய்வுகள் கூறுகின்றன. பத்தாண்டு கடந்து மீண்டதும் உண்டு. ஆகவே வழக்கமான அறுவை, தெரியும் எல்லைக்கு அப்பால் 1 முதல் 2 செ.மீ. நலமான எலும்பையும் சேர்த்து நீக்குவதாகும். இழந்த தாடையைக் காலின் வெளிப்புறச் சிற்றெலும்பை இரத்தக் குழாயோடு எடுத்துப் பொருத்தி மீட்டமைக்கும் முறையை 1989இல் நியூயார்க்கின் ஹிடால்கோ வெளியிட்டார். அதன்பின் பெரிய அறுவையின் விலை ஓரளவு குறைந்தது, இல்லாமற் போகவில்லை.

பெயர் மாறினால் சிகிச்சையும் மாறும் என்பதற்கு அண்டை நோய் ஒன்று சான்று. பல்லாக்கக் கெரட்டின் நீர்க்கட்டியை உலகச் சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டு வகைப்பாட்டில் ‘கழலை’ என்று பெயர்மாற்றியது. 2017இல் மீண்டும் ‘நீர்க்கட்டி’ ஆக்கியது. அந்த 12 ஆண்டுகளில் நோயாளியின் தாடையில் இருந்த பொருள் மாறவில்லை. அது மீளும் இயல்பும் மாறவில்லை. அதற்கு எவ்வளவு எலும்பை விலையாகக் கொடுப்பது என்னும் விவாதத்தின் தொடக்கப்புள்ளி மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

6. ஒளி கத்தியாகிய வரலாறு

தூண்டப்பட்ட ஒளியுமிழ்வு என்னும் கருத்தை ஐன்ஸ்டைன் 1917இல் முன்வைத்தார். 1957இல் கோர்டன் கூல்ட் தம் குறிப்பேட்டில் ‘லேசர்’ என்னும் முதலெழுத்துச் சொல்லை எழுதினார். 1960 மே 16 அன்று தியடோர் மெய்மன் மாணிக்கப் படிகத்திலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். தமிழில் அமைந்த ‘சீரொளி’ என்னும் சொல், ஆங்கிலச் சொல் சொல்லாததைச் சொல்கிறது: அலைகள் சீராக, ஒன்றோடொன்று இசைந்து செல்லுதல். ஆங்கிலப் பெயர் உருவாகும் முறையைக் கூறுகிறது; தமிழ்ப்பெயர் ஒளியின் பண்பைக் கூறுகிறது.

அறுவை மருத்துவத்துக்கு வழி திறந்தது மற்றொரு லேசர். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1938இல் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் பயின்று, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்ற குமார் படேல், பெல் ஆய்வகத்தில் 1964இல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். அந்த அலைநீளத்தை நீர் மிக நன்றாக உறிஞ்சுகிறது. மென்திசுவில் பெரும்பகுதி நீர். ஆகவே ஒளி பட்ட இடம் ஆவியாகிறது, அருகிலுள்ள நுண்குழாய்கள் வெப்பத்தால் அடைபடுகின்றன, குருதி குறைகிறது. 1972இல் பாஸ்டனில் ஜாக்கோவும் ஸ்ட்ராங்கும் இதை நுண்ணோக்கியோடு இணைத்துக் குரல்வளை அறுவையில் பயன்படுத்தினர்; அங்கிருந்து வாய்க்குழிக்கு வந்தது. இந்தியாவில், 1984இல் இந்தூரில் நிறுவப்பட்ட உயர் தொழில்நுட்ப மையம் அறுவைக்குரிய இவ்வகைக் கருவிகளை உள்நாட்டிலேயே உருவாக்கியது.

பல்லின் மீது லேசர் இதற்கும் முன்னரே பாய்ந்தது. 1964இல் ஸ்டெர்ன், சோக்னெஸ் இருவரும் மாணிக்க லேசரை எனாமலின் மீது சோதித்தனர். 1965இல் லியான் கோல்ட்மன், பல் மருத்துவரான தம் சகோதரரின் உயிருள்ள பல்லின் மீதே அதைச் செலுத்தினார். மாணிக்க லேசரின் வெப்பம் பல்லின் உட்கூழைச் சிதைக்கும் என்பது விரைவில் தெரிந்தது. கடினத் திசுவில் லேசரின் கதை இப்படி வெப்பத்தோடு மல்லுக்கட்டியே தொடங்கியது.

7. எலும்பு ஏன் ஒத்துழைப்பதில்லை

1983இல் ஸ்வீடனின் எரிக்ஸன், ஆல்பிரெக்ட்ஸன் இருவரும் முயல்களில் நிகழ்த்திய ஆய்வு ஓர் எல்லைக்கோட்டை வரைந்தது: எலும்பு 47 பாகை செல்சியசில் 1 நிமிடம் இருந்தாலே அதன் மீட்டெழும் ஆற்றல் கெடுகிறது. உடல்வெப்பத்துக்கு மேல் பத்தே பாகை. கார்பன் டை ஆக்சைடு லேசர் எலும்பைத் தொட்டால் கரியாக்குகிறது. கரிந்த எலும்பு ஆறுவதற்குத் தாமதமாகிறது. இதற்கு மாற்றாக வந்தது எர்பியம் லேசர். 2.94 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் நீரின் உறிஞ்சுதிறன் உச்சத்தில் இருப்பதால், எலும்பிலுள்ள சிறிதளவு நீரே நுண்ணிய வெடிப்புகளாக மாறி எலும்பைப் பெயர்த்தெடுக்கிறது; நீர்த்தூவல் குளிர்விக்கிறது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 1997இல் பல்லின் கடினத் திசுக்களுக்கு இதை அனுமதித்தது. வெட்டு தூய்மையானது, ஆனால் மெதுவானது. துளைக்கருவி தரும் கைத்தடையுணர்வு இதில் கிட்டாது. ஆழத்தைக் கண்ணால் மட்டுமே அறிய வேண்டும். கீழ்த்தாடைக்குள் நரம்பு ஓடுகிறது என்பதை நினைத்தால் இக்குறையின் எடை விளங்கும்.

எனவே இன்றைய நிலையைப் பிரித்துச் சொல்லலாம். ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தோன்றும் நார்க்கட்டி, குருதிக்குழாய்க் கட்டி போன்ற மென்திசுக் கழலைகளில் லேசருக்கு உறுதியான இடம் உண்டு. எலும்புக்கு வெளியே ஈறளவில் தோன்றும் மிக அரிய புறவகை அமெலோபிளாஸ்டோமாவிலும் அது பொருந்தும். அவ்வகை எலும்பை ஊடுருவுவதில்லை. எலும்புக்குள் தோன்றும் வழக்கமான வகையில் லேசர் துணைக்கருவியாகலாம். நலமான எலும்பின் ஓரத்தோடு நீக்க வேண்டிய தேவையை அது மாற்றுவதில்லை. கத்தியின் பெயர் ஒளி என்று மாறினாலும், எவ்வளவு நீக்குவது என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு: லேசர் கருக்கிய ஓரத்தில் திசு ஆய்வாளர் கழலையின் எச்சத்தைத் தேடுவது கடினம். எச்சம் உண்டா இல்லையா என்பதே முன்கணிப்பைத் தீர்மானிக்கும் நோயில், ஓரம் வாசிக்கத்தக்கதாக இருப்பது முதன்மையானது.

மாற்றத்தின் அறிகுறி வேறு திசையிலிருந்து வந்துள்ளது. 2014இல் வெளியான மரபணு ஆய்வுகள், கீழ்த்தாடை அமெலோபிளாஸ்டோமாக்களில் பெரும்பாலானவற்றில் பி-ராஃப் மரபணுவில் ஒரே வகைத் திரிபு இருப்பதைக் காட்டின. தோல் கருமைப் புற்றுக்கென உருவாக்கப்பட்ட மருந்துகள் சில நோயாளிகளின் தாடைக் கழலையைச் சுருக்கியதாகப் பதிவுகள் உள்ளன. அறுவைக்கு முன் கழலையைச் சிறிதாக்கித் தாடையைக் காப்பாற்றலாம் என்னும் எதிர்பார்ப்பு இதன்மேல் எழுந்தது. தீங்கற்றது என்று வகைப்படுத்தப்பட்ட கழலைக்குப் புற்றுநோய் மருந்து! பழைய இருமைப் பிரிப்பு எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

8. சொல்லுக்கு ஒரு கோரிக்கை

கலைச்சொற் குழுக்கள் ‘தீங்கற்ற’ என்பதை நீக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை, அது நிலைபெற்றுவிட்டது. ஒப்புதல் படிவத்திலும் வாய்மொழி விளக்கத்திலும் அதைத் தனியே நிற்கவிடக் கூடாது என்பதே என் கருத்து. ‘வேறிடத்துக்குப் பரவாது, இருக்குமிடத்தை அரிக்கும், மிச்சம் விட்டால் திரும்ப வரும்’ என மூன்று சிறு தொடர்கள் போதும். கலைச்சொல் எதுவும் அவற்றில் இல்லை. தெலுங்கிலும் இதே வடிவில் சொல்லிவிடலாம். லேசர் பற்றிக் கேட்கும் நோயாளிக்கும் இரண்டு தொடர்கள் வேண்டும்: எந்தத் திசுவில் அதைப் பயன்படுத்தப்போகிறார்கள், எலும்பிலிருந்து எவ்வளவு நீக்கப்போகிறார்கள். இரண்டாம் கேள்விக்கு விடை தராமல் முதற்கேள்விக்கு மட்டும் விடை தருவது விளக்கமாகாது; விளம்பரமாகிவிடும்.

சுச்ருதத்தின் ‘அத்தியர்புதம்’ மீளுதலைப் பெயருக்குள்ளேயே வைத்திருந்தது. கிறீனின் மாணவர்கள் நோயைத் தமிழில் சொல்லிப் பழகியிருந்தனர். இவ்விரண்டும் நம் நூலகங்களில் இருக்கின்றன. ‘இரண வைத்தியம்’ நூலின் படியை வைத்திருப்போர், அல்லது அதைப் பார்த்திருப்போர், தாடை, பல், கழலை ஆகியவற்றுக்கு அதில் ஆளப்பட்ட சொற்களைப் பின்னூட்டத்தில் தெரிவித்தால் பயனுடையதாக இருக்கும். பல் மருத்துவ மாணவர்கள், தங்கள் துறையில் நோயாளியிடம் ‘பினைன்’ என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். அப்பட்டியலைத் தொகுத்து வெளியிடுவேன்.